ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு எதிரே நிற்கப்போகிற உனக்கு

அன்புள்ள மகனுக்கு,

பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கிற இந்தக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு கடிதம் வேண்டுமா என்று நீ சிரிக்கக்கூடும். ரயில் ஏறினால் வந்துவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். வாய்விட்டுப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். இருபது வருடமாக வகுப்பில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் ஒரு முக்கியமான விஷயம் என்றால் மட்டும் நாக்கு உள்ளே போய்விடுகிறது. போன வாரம் நீ வந்திருந்தபோது, அப்பா வெளியே பைப்படியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் குசினி வாசலில் வந்து நின்றாய். "அம்மா, அந்த மேட்ச்சுக்கு நான் வரணுமா? கால்ல சுளுக்குன்னு சொல்லிட்டா என்ன?" என்று மெதுவாகக் கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "சோறு ஆறுது, மொதல்ல சாப்பிடு" என்றேன். நீயும் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

உன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. நீ பண்டாரவளை அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். இந்தப் பருவத்தில் உன் காலிலிருந்துதான் அதிகம் கோல் போயிருக்கிறது என்று சந்தைக்குப் போனால்கூடச் சொல்கிறார்கள். அப்பா பதுளை அணியின் கோல்கீப்பர். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது அவருடைய கடைசி ஆட்டம். அதில் தோற்றால் அவருடைய அணி இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும். சமமாக முடிந்தாலும் போதும், தப்பித்துக்கொள்வார்கள். பெற்ற தகப்பனுக்கு அந்தக் கடைசி நாளில் கோல் அடித்து, அவர் அணியையும் கீழே தள்ளுகிற மகனாக இருக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதனால்தான் சுளுக்கு என்றாய். நல்ல பிள்ளைதான் அப்படி நினைப்பான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால், உன் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். இதில் பாதி உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததையும் ஒரு தடவை என் கண்ணால் பார்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது தெமோதரைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில். பல்கலைக்கழகத்திலிருந்து சித்திரை விடுமுறைக்கு வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் ஆள் நான் என்பதால், லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்து என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். வெட்கத்தில் நான் வீட்டை விட்டே இறங்க மாட்டேன். புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு மட்டும் உன் தாத்தா வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார். அவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உதைபந்தாட்டம் தொடங்குமுன் துரை இறங்கி வந்து கோலை நோக்கி ஒரு பந்து அடிப்பார். தொரை பந்து என்பார்கள். கோலில் நிற்பவன் வேறு பக்கம் விழ வேண்டும். பந்து உள்ளே போகும், தப்பு மேளம் முழங்கும், துரைசானி கை தட்டுவார், ஆட்டம் ஆரம்பிக்கும். அழகாக விழுவதிலேயே பெயர் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒருவர் விழுந்து, உருண்டு, எழுந்து உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொள்வாராம். அவருக்குத் துரை வீட்டிலிருந்து பிஸ்கட் டின் வருமாம்.

அந்த வருடம் கோலில் நின்றவர் உன் அப்பா. ஒல்லியாக இருப்பார். கால்சட்டைக்குள் இடுப்பு மட்டும் பெருத்திருந்தது. மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள், தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குத் துணி இருக்கிறதே, அந்தப் படங்கை, தன் அம்மாவுடையதை, மடித்து உள்ளே கட்டியிருந்தார். கல் தரையில் விழுந்தால் எலும்பு தப்ப வேண்டுமே. "என்னடா, ஆட வந்தியா, கொழுந்தெடுக்க வந்தியா?" என்று ஒருவன் கத்த, கூட்டமே சிரித்தது. கங்காணி அவரிடம் போய்ச் சொன்னது எங்களுக்கே கேட்டது. "டேய், தொரை லயத்துப் பக்கமா அடிப்பாரு. நீ ஆத்துப் பக்கமா விழு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க."

துரை லயத்துப் பக்கமாகத்தான் அடித்தார். உன் அப்பா லயத்துப் பக்கமாகவே பாய்ந்து பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துவிட்டார். அடிக்கத் தொடங்கிய தப்பு பாதியில் நின்றது. துரை சிரித்தபடி இன்னொன்று என்று விரலைக் காட்டினார். அதையும் பிடித்தார். துரையின் சிரிப்பு போய்விட்டது. உன் தாத்தா தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். "அடப்பாவி, நாளைக்குப் பெரட்டுல ஒனக்குப் பேரு இல்லாத மாதிரிதான்" என்று பின்னால் ஒரு பெண் சொன்னாள். அப்படியேதான் ஆனது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை கொடுக்கிற பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை. பெயர் இல்லாவிட்டால் வேலை இல்லை. அந்த வாரமே அவர் பதுளைக்கு நடந்து போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன், துரையை எதிர்த்துக் காட்டத்தான் பிடித்தீர்களா என்று. பெரிய வீர வசனம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "சத்தியமா விழணும்னுதான் நின்னேன். பந்து வந்துச்சு, கை போயிருச்சு. போன கையத் திரும்பக் கூப்புட முடியுமா?" என்றார். "சரி, ரெண்டாவது பந்து?" என்றேன். "ரெண்டாவது நல்ல அடி. அத விட்டா பாவம்" என்றார். உன் அப்பாவை நான் மதிக்கத் தொடங்கியது அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான். தோட்டத்தில் பார்த்தபோது வந்தது வெறும் ஆச்சரியம்.

பதுளைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒரு உதைபந்தாட்ட அணியும் வைத்திருந்தார் என்பது உனக்குத் தெரியும். தொரை பந்துக் கதை அப்பாவுக்கு முன்னாலேயே அவர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "கையக் காட்டுங்க மகன்" என்று கேட்டு, இரண்டு உள்ளங்கையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடையில வேலை ஈக்கிது, கோலில எடமும் ஈக்கிது. ஆனா ஒண்டு, என்ட பந்தையும் புடிச்சிட்டு வேலைய விட்டுப் போயிராதீங்க" என்றாராம். இதைச் சொல்லி அப்பா இன்றைக்கும் சிரிப்பார். நான் பட்டம் பெற்றுப் பதுளைக்கு ஆசிரியையாக வந்தபோது, வாடகை அறைக்குப் பூட்டு வாங்க அந்தக் கடைக்குத்தான் போனேன். உன் அப்பா இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்ததால் பூட்டைக் காகிதத்தில் சுற்ற முடியாமல் திணறினார். நானே வாங்கிச் சுற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு ஏன் அத்தனை பூட்டும் ஆணியும் தேவைப்பட்டன என்று நீ கேட்கக்கூடாது. உன் தாத்தா, "படிச்ச புள்ளைக்குப் பந்து பொறுக்குறவனா மாப்பிள்ளை?" என்று குதித்தார். "பொறுக்குறவர் இல்லப்பா, புடிக்கிறவர்" என்று சொல்லிவிட்டு, சொன்னது நான்தானா என்று எனக்கே நம்பிக்கை வராமல் உள்ளே ஓடிவிட்டேன்.

நீ பிறந்த பிறகு கொழும்பில் ஒரு கம்பனி அணி அவரைக் கூப்பிட்டது. அதுவும் இரண்டாம் பிரிவுதான். பெயருக்குக் களஞ்சியத்தில் வேலை, உண்மையில் சம்பளம் கோலில் நிற்பதற்கு. என் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக முடியாமல் நாம் இருவரும் இங்கேயே இருந்துவிட்டோம். மாதம் ஒரு தடவை காலை ரயிலில் வந்து இறங்குவார். நீ பிளாட்பாரத்தில் ஓடிப்போய் முதலில் அவர் கையைத்தான் பிடித்துப் பார்ப்பாய், இந்த மாதம் எந்த விரல் வீங்கியிருக்கிறது என்று. பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடச் சொல்லி அவரிடம் நின்றால், கோணிப்போன அந்த விரல்களால் ஒரு பொத்தானைப் பிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். "பெரிய பந்த குடு, புடிக்கிறேன். இந்தச் சின்னது வழுக்குது" என்பார். உன் வயதுப் பிள்ளைகளில் நீதான் முதலில் தானாகப் பொத்தான் போடப் பழகினாய்.

அங்கேதான் அவரை முதற்பிரிவு அணி ஒன்று கேட்டது. வெளிநாட்டுக்கு ஆடப் போகிறோம், கூட வா என்றார்கள். கடவுச்சீட்டு வேண்டும். தோட்டத்து ஆள் என்பதால், இந்த மண்ணில் பிறந்த மனிதருக்கு இலங்கையா இந்தியாவா, எந்த நாட்டுப் பிரஜை என்பதே அப்போது முடிவாகவில்லை. அவருடைய விண்ணப்பம் எங்கேயோ கிடந்தது. இடம் இன்னொரு பையனுக்குப் போனது. அந்த மாதம் வந்தபோது, "என்ன ஆச்சு?" என்றேன். "அந்தப் பையன் நல்ல கீப்பர். உசரமான பந்துக்கு மட்டும் கொஞ்சம் தயங்குவான், அதச் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். அவர் ஏன் கடைசிவரை கீழ்ப் பிரிவுகளிலேயே ஆடினார் என்று உன் நண்பர்கள் கேட்டால், திறமை போதவில்லை என்று நீ தலை குனிய வேண்டியதில்லை. அவரும் ஒருநாளும் குனிந்ததில்லை. பதுளை அணிக்கே திரும்பி வந்த பிறகு, கூட்டமே வராத மைதானத்திலும், கொழும்பில் நின்ற அதே கவனத்தோடு நின்றார். அப்புத்தளையில் பனி இறங்கி எதிர்க்கோல் தெரியாமல் போன நாட்களில், பந்து உதைபடுகிற சத்தத்தை வைத்தே அது எங்கே வருகிறது என்று சொல்லி முன்னால் நிற்பவர்களை நகர்த்துவாராம். அவருக்கு முன்னால் தடுப்பில் ஆடுகிற பியசேன சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அவராகச் சொல்லமாட்டார்.

தமிழர்களைத் தாக்கிய கலவரம் நடந்த அந்த ஆடி மாதத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். கடைவீதி எரிந்த வாசனை வெகுநாள் வரை நம் துணிகளில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பியசேன குடும்பம் நம்மைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தது. பல மாதம் கழித்து மறுபடி ஆட்டம் தொடங்கியபோது, நான் அப்பாவைப் போகவேண்டாம் என்றேன். கோல்கீப்பருக்கு முதுகுக்குப் பின்னாலும் கூட்டம் நிற்குமே. அந்தக் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவர் பூட்ஸுக்கு வார் கட்டிக்கொண்டே, "பின்னாடி பாத்துக்கிட்டு நின்னா முன்னாடி வர்ற பந்து போயிரும்" என்றார். அன்று முதல் பந்தை அவர் பிடித்தபோது மைதானத்தில் சத்தமே இல்லையாம். இரண்டாவதைப் பிடித்தபோது பின்னாலிருந்து ஒருவன், "அண்ணே, வயசானாலும் கை போகலையே!" என்று உடைந்த தமிழில் கத்த, அப்பா திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினாராம். எனக்குத் தைரியம் என்பதற்கு வேறு உதாரணம் தெரியாது.

நீ சின்னவனாக இருந்தபோது அவர் தோற்றுவிட்டு வருகிற நாட்கள் எனக்கு அதிகம் பிடிக்கும். சொன்னால் ஆச்சரியப்படுவாய். வென்ற நாட்களில் களைப்பாக வந்து படுத்துவிடுவார். கோல் விட்ட நாட்களில்தான் பேசுவார். சாப்பிட உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் ஆட்களாக வைப்பார். சம்பல் கோப்பைதான் கோல். "இங்க நின்னான். நான் இங்க. அவன் கண்ண அந்தப் பக்கம் காட்டிட்டு இந்தப் பக்கம் அடிச்சான்." நீ அழுகிற குரலில், "ஏன்ப்பா விட்டீங்க? பியசேன மாமா ஏன் தடுக்கல?" என்பாய். "அவர் தடுக்க வேண்டியது வேற பந்து. இது எனக்கு வந்த பந்து. அவன் நல்லா அடிச்சான்டா, நல்லா அடிச்சா நல்லா அடிச்சான்னுதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அடித்தவனாக இருந்த ரொட்டித் துண்டை உன் வாயில் போடுவார். தன் தோல்வியை அடுத்தவன் தலையில் கட்டாத, அடுத்தவன் வெற்றியைக் குறைக்காத மனிதரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். நான் புத்தகங்களில் தேடிய பெரிய மனிதர்களை விட அது மேலாகவே எனக்குப் பட்டிருக்கிறது. அவர் காதுபட இதை நான் சொன்னதில்லை. நீயாவது உன் மனைவி, பிள்ளைகள் என்று வரும்போது, மனதில் நினைப்பதை அவர்கள் காதுபடச் சொல்லப் பழகிக்கொள். அம்மாவைப் போல இருக்காதே.

இப்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ இங்கே இல்லாததால் பார்த்திருக்க மாட்டாய். இது கடைசிப் பருவம் என்று அவர் அறிவித்ததிலிருந்து, பயிற்சியில் இளம் பையன்கள் அவருக்கு மெதுவாக அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மரியாதைதான். முழங்கால் வலியோடு இந்த மனிதர் எதற்கு விழ வேண்டும் என்ற இரக்கம்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், மைதானத்துக்கு மேலே போகிற பாதையில் நின்று ஒருநாள் பார்த்தேன். ஒரு பையன் பந்தை அவர் கைக்கே உருட்டிவிட்டான். அப்பா அதைப் பிடிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அது தன்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னடா தம்பி, நாத்துக்குத் தண்ணி தெளிக்கிறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவர் விளக்கு ஏற்றிய பிறகும் பூட்ஸைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். என்னங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. இன்னைக்கு ஒருத்தனும் எனக்கு அடிக்கல" என்றார். கோல் விட்ட நாட்களில்கூட அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் பண்டாரவளை வருகிறது என்று தெரிந்தது. அவருக்கு முகமே மாறிவிட்டது. வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "எம் மகன் வாரான். அவனுக்கு ரெண்டு காலும் வரும், தெரியுமா? இடது காலத் தூக்குனா வலது பக்கம் பாக்கணும்." காலையில் எழுந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். நான் பார்க்காத நேரம் சுவரில் பந்தை எறிந்து பிடிக்கிறார். பந்து சுவரில் படுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்ற கவலை அவருக்கும் உண்டு. அணியை அப்படி விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்குமோ என்று பியசேனவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கவலை வேறு, இந்த ஆவல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாத மனம் அவருக்கு இருக்கிறது. குழம்பியவர்கள் நீயும் நானும்தான்.

அதனால் நீ கேட்டதற்குப் பதில்: வர வேண்டும். சுளுக்கு ஒன்றும் வேண்டாம்.

இனி, இவ்வளவு நேரம் எழுதாமல் வைத்திருந்ததைக் கேட்கிறேன். வந்துவிட்டுக் கம்பத்துக்கு வெளியே பார்த்து அடித்துவிடலாம் என்று நீ நினைப்பாய். உன்னைப் பெற்றவள் என்பதால் தெரியும். அது வேண்டாம் மகனே. வேறு யாருக்கும் எப்படி அடிப்பாயோ அப்படியே அவருக்கும் அடி. பெனால்டி கிடைத்தால் இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்காதே, நீயே எடு. அவர் பிடித்துவிட்டால் உனக்குக் கோபம் வரட்டும். கோபத்தை மறைக்காதே. பந்து உள்ளே போய்விட்டால், அதனால் அவர் அணி இறங்கிப் போனாலும்கூட, அவரிடம் ஓடிவந்து தோளைத் தொடாதே, மன்னிப்புக் கேட்காதே. உன் ஆட்கள் இருக்கிற பக்கம் ஓடு, அவர்களோடு கத்து. நம் மைதானத்தில் கோலுக்கு வலை கிடையாது, பந்து சரிவில் உருண்டு கால்வாய்க்குள் இறங்கிவிடும். அதை எடுத்துவர அவர்தான் இறங்கிப் போவார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி வருவார். அவர் வந்து சேரும்வரை நீ திரும்பிப் பார்க்காதே. நான் அந்தக் கால்வாய்ப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அம்மா